தீர விசாரித்த மருந்து

என் சிறுவயதில் எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியின் மேல்தட்டில் இருமல் மருந்துப் புட்டி ஒன்று எப்பொழுதும் இருக்கும். சிவந்த நிறம், தேனைப் போன்ற தடிப்பு, பழத்தின் மணம். எனக்கு இருமல் கண்டால் என் பாட்டியார் அதிலிருந்து ஒரு கரண்டி ஊற்றித் தருவார். இருமல் இல்லாத நாட்களிலும், அவர் கண்ணயரும் பிற்பகல் வேளையில், முக்காலியின்மீது ஏறி நானே ஒரு கரண்டி ஊற்றிக் குடித்ததுண்டு. மருந்து என்றால் கசக்க வேண்டும் என்பது ஊரார் கொள்கை. இந்த மருந்தோ இனித்தது. அது ஏன் இனிக்கிறது, அந்த இனிப்பை அதற்கு அளித்த பொருள் யாது என்று நான் கேட்கவில்லை; என் வீட்டாரும் கேட்கவில்லை.

அந்தப் புட்டி எனக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. ஆனால், பின்னாளில் நான் மருந்தியல் பயிலப் புகுந்து, இதே கேள்வியைக் கேளாது விட்டதனால் உலகில் நேர்ந்தவற்றைப் படித்தபோது, அந்த முக்காலி என் நினைவுக்கு வந்தது, உடல் நடுங்கியது. மாணவ நேயர்களே, இன்று உங்களிடம் நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில், அமெரிக்க நாட்டில் 1937ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அக்காலத்தில் சல்பனிலமைடு என்னும் மருந்து புதிதாக வந்து, தொண்டைப்புண் முதலிய தொற்று நோய்களைத் தணித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தது. அது மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. அதைக் குடிமருந்தாகச் செய்து கொடுத்தால் நன்கு விலைபோகும் என்று டென்னசி மாநிலத்து மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு அதன் விற்பனையாளர் தெரிவித்தார். சல்பனிலமைடு நீரில் எளிதில் கரையாது. கம்பெனியின் தலைமை ரசாயன நிபுணர், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் அது நன்கு கரைவதைக் கண்டார். அத்திரவம் நிறமற்றது, குழம்பு போன்றது, இனிப்பானது. அதனோடு ராஸ்பெரிப் பழத்தின் சுவையையும் சேர்த்தார்கள்.

பின்பு அந்த மருந்தைச் சோதித்தார்கள். எவ்வாறு சோதித்தார்கள்? நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். மூன்றும் நன்றாகவே இருந்தன. பார்க்காது விட்டது ஒன்றே ஒன்று: அதைக் குடித்த உயிர் என்ன ஆகும் என்பது. ஓர் எலிக்குக்கூட அதைக் கொடுத்துப் பார்க்கவில்லை. அதற்கு இட்ட பெயரோ 'எலிக்சிர்'. நம் மொழியில் அதற்கு 'அமுதம்' என்று பொருள் கூறலாம்.

அவ்வாண்டு செப்டம்பரில் மருந்து ஊர் ஊராக அனுப்பப்பட்டது. அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலத்து டாக்டர்களிடமிருந்து அச்சம் தரும் செய்திகள் வரத் தொடங்கின. அம்மருந்தைக் குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் கண்டன. சிறுநீர் குறைந்து, பின்னர் அறவே நின்றது. சில நாட்களில் உயிர் பிரிந்தது. அரசாங்க ஆய்வாளர்கள் நாடெங்கும் விரைந்து, கடை கடையாக, வீடு வீடாகத் தேடினார்கள். உற்பத்தியான 240 காலனில் 234 காலனை மீட்டுவிட்டார்கள். மீட்கப்படாது போனது ஏறத்தாழ 6 காலன்; நம் வீட்டுக் குடத்தால் இரண்டு குடத்துக்குள் அடங்கும். அந்த இரண்டு குடம் மருந்துக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களிற் பலர் குழந்தைகள்.

கம்பெனியின்மீது என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? மருந்தை விற்குமுன் அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைய அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. 'எலிக்சிர்' என்று பெயரிட்டால் அதில் சாராயச் சத்து இருக்க வேண்டும். இதில் அது இல்லை. ஆகவே பெயர் தவறு என்பதே சாட்டப்பட்ட குற்றம்! வேறு பெயர் இட்டிருந்தால் அந்த வழக்கும் நின்றிராது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே, 1938இல், புதுச் சட்டம் பிறந்தது. தீங்கற்றது என்று காட்டிய பின்னரே புதிய மருந்தை விற்கலாம் என்பது அன்றுமுதல் அந்நாட்டின் விதியாயிற்று.

சட்டம் பிறந்தது, ஆயினும் அந்த நஞ்சின் கதை அத்துடன் முடியவில்லை. குடிமருந்துகளை இனிமையாகவும் தடிப்பாகவும் ஆக்குவதற்குக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் முதலிய தூய திரவங்களைச் சேர்ப்பது வழக்கம். இவை சற்று விலை கூடியவை. டை எத்திலீன் கிளைக்காலோ தொழிற்சாலைகளில் வேறு காரியங்களுக்குப் பயன்படும் மலிவான சரக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நாவுக்கும் இரண்டும் இனிக்கும். பேராசையாலோ கவனக்குறைவாலோ ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டால், குடிப்பவர் அதை அறிய வழியே இல்லை. உடலுக்குள் சென்றதும் அது சிதைந்து, சிறுநீரகத்தின் உயிரணுக்களைக் கொல்லும் ஓர் அமிலமாக மாறுகிறது. பிறகு நடப்பவை 1937இல் நடந்தவையே.

நம் நாட்டில் 1986இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் இந்த நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டார்கள். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் சாவுக்கு, இந்தியாவிலிருந்து சென்ற மருந்துகளில் இத்தகைய நஞ்சு இருந்தது காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025ஆம் ஆண்டின் துயரமோ நம் வாசலிலேயே நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில், இருமலுக்கென்று மருந்து குடித்த குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றிலே செய்யப்பட்டது. அக்டோபர்த் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்து ஆய்வுக்கூடம் அதைச் சோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 48.6 பங்கு டை எத்திலீன் கிளைக்கால் இருக்கக் கண்டது. நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் அது இருத்தலாகாது என்பது விதி. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளை நாம் இழந்தோம்.

இதில் என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. சோதனை செய்ய வழி தெரியாமல் அக்குழந்தைகள் இறக்கவில்லை. வழி தெரியும், கருவியும் உண்டு, இரண்டொரு நாளில் விடையும் கிடைத்துவிட்டது. மருந்து புட்டியில் அடைபடுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை, குழந்தைகளைப் புதைத்த பின்பு செய்யப்பட்டது. மேலும், சிறு குழந்தைகளின் சளியும் இருமலும் பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடுவன. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரலாகாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை வேண்டுவதில்லை என்று அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவுரை விடுத்தது. தேவையே ஐயத்திற்குரிய ஒரு மருந்துக்காக உயிர்கள் போயின என்பதை எண்ணும்போது துயரம் இரட்டிக்கிறது.

நஞ்சு கலந்தால்தானே ஆபத்து, கலப்படமற்ற தூய மருந்தானால் அஞ்ச வேண்டியதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்கிறேன். 1937இல் அந்த 'அமுத'த்தில் கொன்ற பொருள் எது என்று கண்டறியும் பொறுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெய்லிங் என்பவரிடமும் வந்தது. அவருடைய சோதனைச்சாலையில் எலிகளை வைத்து ஆராய்ந்த மாணவர்களில் பிரான்சிஸ் ஓல்டம் என்பவர் ஒருவர். பெயரைக் கண்டு ஆண் என்று எண்ணி, 'திருவாளர் ஓல்டம்' என்றே அவருக்குப் பேராசிரியர் அழைப்பு அனுப்பியிருந்தாராம். புகழ்பெற்ற மருந்தென்றாலும் சோதியாமல் நம்பலாகாது என்னும் பாடத்தை அந்த இளம்பெண் அங்கே கற்றார். மணமான பின் அவர் டாக்டர் பிரான்சிஸ் கெல்சி ஆனார். 1960இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த அடுத்த மாதமே அவர் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டிருந்தது ஒரு கம்பெனி. 1957முதல் மேற்கு ஜெர்மனியில் டாக்டரின் சீட்டுக்கூட இல்லாமல் அது விற்பனையாகி வந்தது; பல நாடுகளுக்கும் பரவியிருந்தது. இதைப்போல் தீங்கற்ற மருந்து வேறில்லை என்று விளம்பரங்கள் முழங்கின. கருவுற்ற பெண்களின் மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். அதில் கலப்படம் ஏதுமில்லை. புட்டிமேல் எழுதியிருந்ததே உள்ளும் இருந்தது. ஆயினும் டாக்டர் கெல்சி அனுமதி தரவில்லை. கம்பெனி காட்டிய சான்றுகள் போதா என்று திருப்பி அனுப்பினார். கம்பெனியார் மீண்டும் மீண்டும் வந்து நெருக்கினார்கள், மேலதிகாரிகளிடம் முறையிட்டார்கள். நீண்டநாள் உண்டவர்களுக்கு நரம்புக் கோளாறு காண்கிறது என்ற ஒரு செய்தியை மருத்துவ இதழில் படித்ததும் அவருடைய ஐயம் உறுதிப்பட்டது. கருவிலுள்ள குழந்தைக்கு இது என்ன செய்யும், அதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்.

1961 நவம்பரில் அக்கேள்விக்கு விடை வந்தது. கைகால்கள் குறுகியும் இல்லாமலும் பிறந்த குழந்தைகள் பலரின் தாய்மார் கருவுற்ற தொடக்க நாட்களில் இம்மருந்தை உண்டிருந்தார்கள் என்று ஜெர்மனியில் டாக்டர் லென்ஸ் எடுத்துக்காட்டினார். ஆஸ்திரேலியாவில் டாக்டர் மக்பிரைடும் அதையே கண்டார். உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு ஊனமுற்றார்கள் என்பது மதிப்பீடு. அமெரிக்காவில் சோதனைக்கென்று டாக்டர்களிடம் முன்பே கொடுக்கப்பட்ட மாத்திரைகளால் நேர்ந்த சில கேடுகள் தவிர, அந்நாடு தப்பியது. தீங்கு உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்பது ஒன்று. தீங்கு இல்லை என்பதற்குச் சான்று உண்டு என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்காத ஒருவர் அந்த மேசையில் அமர்ந்திருந்தார். அதுவே அந்த நாட்டைக் காத்தது.

கம்பெனி மருந்துகளின் கதை இது. நம் மூலிகைகளுக்கு இத்தகைய குறை இல்லையே என்று மகிழ்வோரும் உண்டு. 'இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு அற்றது' என்னும் வாசகத்தை நீங்கள் எத்தனை விளம்பரங்களில் கண்டிருப்பீர்கள்! எட்டியும் ஊமத்தையும் அரளியும் இயற்கையில் விளைவனவே அல்லவா? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்துத் தலைநகரான பிரசல்சில், உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை சேர்ந்த மருந்தை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆராய்ந்தபோது, ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொரு மூலிகை கலந்திருந்தது தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர் தொகை நூறுக்கு மேல். அவர்களிற் சிலருக்குப் பின்னர்ச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. நம் ஊர்க் கரிசல் காடுகளில் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனத்துச் செடிதான். கண்ட தழையையெல்லாம் மேயும் ஆடுகூட வாய் வைக்காது என்று அதன் பெயரே சொல்கிறது. 'இயற்கை' என்னும் சொல்லில் மயங்கியவருக்கு அந்தப் பெயர் கேட்பதில்லை.

இதனால் நாட்டு மருந்தெல்லாம் பயனற்றது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு மூலிகையைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகள் ஐம்பது பேருக்குக் கொடுத்து, விளைவை முறையாக அளந்து, 1949இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அதே மருந்து சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கலாம் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. சோதனை என்பது பழமைக்குப் பகை அன்று. பழமையில் உள்ள பொன்னையும் அதில் ஒட்டிய மண்ணையும் அதுவே பிரித்துக் காட்டுகிறது.

'சோதனை எதற்கு? நான் சாப்பிட்டேன், எனக்குக் குணமாயிற்று' என்பார் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குணமானதும் உண்மை, மருந்து உண்டதும் உண்மை என்பதனால், மருந்தினால்தான் குணமாயிற்று என்று முடிவு கட்டலாமா? சளியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் சில நாட்களில் தாமே அடங்கும். மூட்டுவலி சில நாள் ஏறும். சில நாள் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம்; அதற்குப்பின் அது இறங்கத்தானே வேண்டும்? இறங்கிய பெருமையை அன்று கையில் இருந்த புட்டி தட்டிக்கொண்டு போகிறது. மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். குணமானவர் நற்சான்று எழுதிக் கொடுக்கிறார். குணமாகாதவர் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடுகிறார். இறந்தவர் எதுவும் எழுதுவதில்லை. ஆகவே விளம்பரத்தில் நாம் காணும் கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கத்துச் சாட்சிகளே.

இரு பக்கத்தையும் காண வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு நம் சென்னை நகரமே உலகுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தந்தது. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளி சானடோரியத்தில் தங்கி, நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் பெற்றால்தான் பிழைப்பார் என்பது அக்கால மருத்துவ உலகின் நம்பிக்கை. ஆனால் ஏழை நாட்டில் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? நோயாளிகளை, தெரிவு செய்வோரின் விருப்பு வெறுப்பு கலவாதபடி, இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தார்கள். மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே, காலம் ஓராண்டு. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. எளிய உணவை உண்டு வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! பெரிய டாக்டர்களின் நெடுநாள் நம்பிக்கையை ஒப்பிட்டு நோக்கிய ஓர் ஆராய்ச்சி மாற்றிவிட்டது. விளம்பரக்காரரின் வாக்கை மட்டுமன்று, அறிஞர்களின் வாக்கையும் இவ்வாறு உரசிப் பார்ப்பதுதான் அறிவியலின் நேர்மை.

இனி, மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? கடைக்குச் சென்று தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மருந்து வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் நீங்களே. வாங்கும்போது செய்த தேதியையும் காலாவதித் தேதியையும் தொகுதி எண்ணையும் படியுங்கள். ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தொகுதி தீயதென்று அரசாங்கம் அறிவித்தால், உங்கள் வீட்டுப் புட்டி அதைச் சேர்ந்ததா என்று அறிய அந்த எண்தான் வழி. சின்னஞ்சிறு தம்பி தங்கையருக்குக் கடைக்காரர் சொன்னார் என்று இருமல் மருந்து கொடுக்க விடாதீர்கள். டாக்டரிடம் செல்லும்போது, வீட்டில் உண்ணும் சூரணம், லேகியம் உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுமாறு பெரியவர்களை வேண்டிக்கொள்ளுங்கள். மருந்து உண்டபின் புதிதாக ஏதேனும் கோளாறு கண்டால் டாக்டருக்குத் தெரிவியுங்கள். இத்தகைய செய்திகளைத் திரட்டுவதற்கென்றே 2010இல் இந்தியாவில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது.

நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் தடைசெய்திருக்கிறது. ஆகவே, 'சர்க்கரை நோய் வேரோடு ஒழியும்' என்னும் அறிவிப்பைக் கண்டால் அது மருத்துவம் பேசவில்லை, சட்டத்தை மீறுகிறது என்று உணருங்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, பரம்பரை இரகசியம், பக்கவிளைவு அறவே இல்லை என்னும் சொற்கள் வரும் இடத்தில் பணப்பையை மூடிக்கொண்டு கேள்வியைத் திறவுங்கள். உள்ளே இருப்பது என்ன? அதைச் சோதித்தவர் யார்? எத்தனை பேருக்குக் கொடுத்து, எதனோடு ஒப்பிட்டார்கள்? குணம் காணாதவர் எத்தனை பேர்? இந்த நான்கு கேள்விகளை வெள்ளைக்கோட்டு அணிந்தவரிடமும் கேளுங்கள். காவி உடுத்தவரிடமும் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லி முடிக்கிறேன். ஐயுறுதல் என்பது எல்லாவற்றையும் மறுத்து ஒதுக்குதல் அன்று. காசநோய்க்கு மருந்து உண்பவர் என் பேச்சைக் கேட்டு அதைப் பாதியில் நிறுத்திவிடுவாரானால், நான் பேசாமல் இருந்திருப்பதே நலம். சோதனைத் தீயில் புடமிடப்பட்டு வந்த மருந்துகளும் தடுப்பூசிகளும் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கின்றன. அவற்றை நம்புவதற்கும் காரணம் அந்தச் சோதனையே. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் நாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டார்கள். நாவால் சுவைப்பதும் பொய்யாகலாம் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றும் என் வீட்டு அலமாரியில் மருந்துகள் உண்டு. அவை மேல்தட்டில் அல்ல, பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. என் பேத்தி ஒருநாள் அதைச் சுட்டி, 'தாத்தா, இதற்குள்ளே என்ன இருக்கிறது?' என்று கேட்டாள். என் சிறுவயதில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. அவளை அருகில் அமர்த்தி, புட்டியின்மேல் ஒட்டியிருந்த தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து படித்துப் பாருங்கள்.